மூன்று ஒலிபெருக்கிகளும் நான்காவது தாளும்

சேசு மரி சூசை

கடித எண் 40/1949
செஞ்சி, 23-10-1949, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4 மணி 10 நிமிஷம்

பொருள்: என்னுடைய 38, 39 எண்ணிட்ட கடிதங்களை வாபஸ் பெறுதல், ஒலிபெருக்கித் தேர்வின் முடிவு.

பம்பாயில் இருக்கும் அன்புள்ள குமாரன் தோமினிக்குக்கு, உன் தகப்பன் அருள்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சர்வேசுரன் தயவால் நானும் உன் தாயாரும் இந்த வரியை எழுதும் நிமிஷம் வரை சுகமாயிருக்கிறோம். அடுத்த வரிக்கு நான் உத்தரவாதம் கொடுக்க இயலாது, ஏனென்றால் உன் தாயார் ராயம்மாள் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, நான் பேனாவை மையில் தோய்க்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிப்புக்குக் காரணம் இந்தக் கடிதத்தின் கடைசிக்குள் உனக்கு விளங்கும். நீயும் மருமகள் ரோஸ்மேரியும் குழந்தை சவரியம்மாளும் அங்கே சௌக்கியமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி தனியாக ஒப்புக்கொடுத்து வருகிறோம். இங்கே இம்மாதம் பதினான்காம் தேதி முதல் நல்ல மழை. கோட்டை மலை மூன்று நாளாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது; இரண்டுக்கும் பாத்திரம் வைத்தாயிற்று.

நிற்க. விஷயத்தை ஆதியிலிருந்து வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நீ உன் வழக்கப்படி கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவாய். குழந்தை பேசுவதை உன் ஸ்டூடியோவில் சினிமாவாகப் பிடித்து நீ அனுப்பிய பிலிம் சுருள் செப்டம்பர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. பிறந்து மூன்று வருஷமாகியும் நாங்கள் பார்த்திராத பேத்தியை வீட்டுக் கூடத்திலேயே பார்க்கவும் கேட்கவும் ஒரு புரொஜெக்டரும் ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் நிரந்தரமாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பதினோரு பக்கத்தில் விளக்கியிருந்தாய். உன் கலியாண விஷயத்தை நீ எனக்கு எழுதியது ஒன்றரைப் பக்கம் என்பது என் கடிதக் கட்டிலே பதிவாகியிருக்கிறது. போகட்டும். நீ கேட்டபடி கூடத்தை அளந்தேன்: நீளம் இருபத்திரண்டு அடி நான்கு அங்குலம், அகலம் பதினோரு அடி ஒன்பது அங்குலம். திரைக்காக மேற்குச் சுவருக்கு வெள்ளையடித்தேன். திரையிலிருந்து பதினான்காவது அடியில் என் நாற்காலி. புரொஜெக்டரைப் பற்றித் தகராறு எதுவும் இல்லை, முதல் நாளிலிருந்தே படம் கண்ணாடி போல விழுகிறது. தகராறெல்லாம் சத்தத்தில்தான்.

திண்டிவனத்தில் இந்தச் சாமான்களை விற்கும் ராஜாராம் என்பவர் நல்ல பொறுமைசாலி. அவர் பொறுமைசாலி என்பதை நான் அவருடைய முகத்தைப் பார்த்தல்ல, அவர் மூன்று முறை பெட்டியோடு பஸ் ஏறி வந்ததை வைத்து எழுதுகிறேன். மின்சாரக் கம்பம் நம் தெருமுனையோடு நின்றுவிட்டபடியால் சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் கூடவே வந்தது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஞாயிறு மாலை ஆறு நாற்பதுக்கு முதல் சோதனை. புரொஜெக்டரின் மூடியிலேயே பொருத்தியிருக்கும் சிறிய ஒலிபெருக்கியைக் கழற்றித் திரையின் கீழே வைத்தார். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் சூடேற ஒன்றரை நிமிஷம். பிறகு படம் ஓடியது. நாற்காலியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, கையில் ஒரு பிஸ்கோத்து. நீ திரைக்கு வெளியிலிருந்து தாத்தாவைக் கூப்பிடச் சொல்லுகிறாய். உன் குரல் கோயில் மணி போலக் கேட்டது. குழந்தை வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஒரு சத்தமும் இல்லை. உன் தாயாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததற்காக அழுகிறாள் என்று எண்ணினேன். கொல்லையில் ஓடும் எஞ்சினின் இரைச்சல் குழந்தையின் குரலை விழுங்கிவிட்டது, மேலும் இந்த ஒலிபெருக்கி சோற்றுத்தட்டு அகலமே உள்ளது என்று இரண்டு காரணம் காட்டி அதைத் திருப்பி அனுப்பினேன். ராஜாராம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உன் தாயார் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஞாயிறு இரண்டாவது சோதனை. இம்முறை ஊமத்தம்பூ வடிவத்தில் இரும்புக் குழல் வைத்த ஒலிபெருக்கி. எஞ்சினைக் கிணற்றுக்கு அப்பால் தள்ளி, சுற்றிலும் வைக்கோல் அடைக்கச் செய்தேன். அன்றும் உன் குரல் இடித்தது, குழந்தையின் வாய் மட்டும் மீனின் வாய் போல அசைந்தது. மறுநாள் காலை தெருக்கோடியிலிருந்து பால் கொண்டுவரும் அம்மாக்கண்ணு, “ஐயா, ராத்திரி உங்கூட்டுப் பேத்தி தாத்தா தாத்தான்னு கூப்புட்டுதே, எங்கூட்டு எருமைகூட திரும்பிப் பாத்துதுங்க” என்றாள். தாலுக்கா கச்சேரியில் எனக்குக் கீழே சேவகராயிருந்து என்னோடு ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்ற முருகையன், “எருமைக்கு இன்னா ஐயா, மலை மேல இருக்கிற கொரங்குங்களுக்கே கேட்டிருக்கும்” என்றான். இதிலிருந்து வேறொருவனாயிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பானோ, நான் வந்த முடிவு இது: தெருக்கோடியில் கேட்கும் குரல் பதினான்கு அடியில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கவில்லையென்றால், குழல் சத்தத்தைக் கூடத்தில் இறக்காமல் நேரே ஜன்னல் வழியாக வெளியே எறிகிறது. குழலையும் திருப்பி அனுப்பினேன். முப்பத்தோரு வருஷம் தாலுக்கா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பிறருடைய அறிக்கைகளில் ஓட்டை கண்டுபிடித்தவன் எழுதியது இது என்பதை நீ மறவாமல் குறித்துக்கொள்.

இவ்விரண்டு சோதனைகளுக்கும் மறுநாட்களில்தான் 38, 39 எண்ணிட்ட கடிதங்களை உனக்கு எழுதினேன். சத்தப் பதிவில் ஏழு வருஷம் உத்தியோகம் பார்த்தும் சொந்த மகளின் குரலைப் பதியத் தெரியாதவன் என்றும், உன் குரலை மட்டும் அழகாகப் பதிந்துகொண்டாய் என்றும், இது சிறுவயதில் பண்டத்தைப் பங்கிடும்போது உன்னிடம் கண்ட குணமே என்றும் எழுதியிருந்தேன். அதற்கு நீ பத்தாம் தேதியிட்ட பதிலில், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், மைக்கைச் சோதனைக்குக் கொடுத்திருப்பதாகவும், குழந்தையை இன்னும் கிட்டத்தில் நிறுத்தி மறுபடி பதிவதாகவும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் மோர்சாதம் இறங்கவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கிக்கொள். குழந்தையை மறுபடி நாற்காலியில் ஏற்ற வேண்டாம். ஏன் என்பதைக் கேள்.

மூன்றாவது சோதனை போன ஞாயிறு, பதினாறாம் தேதி. ராஜாராம் இம்முறை கொண்டுவந்தது பெரிய ஆம்ப்ளிஃபயரும், பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி அடங்கிய ஓர் ஆள் இடுப்பளவு மரப்பெட்டியும். இனி வாய்ப்பேச்சு உதவாது, எழுத்துமூலம் விசாரணை நடத்தித் தவறு யந்திரத்திலா பதிவிலா என்று நிர்ணயித்துவிடுவதென்று தீர்மானித்தேன். விதிகளை நானே எழுதிக் கதவில் ஒட்டினேன். சாட்சிகள் நான்கு பேர்: உன் தாயார், முருகையன், அம்மாக்கண்ணு, நான். ராஜாராம் விற்பவராகையால் அவர் காது ஏற்கத்தக்கதல்ல. எல்லோரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், வாயசைவைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காதால் கேட்டதாக எழுதக்கூடாது. குழந்தை எத்தனை தடவை தாத்தா என்று கூப்பிட்டது என்பதை ஒவ்வொருவரும் தனித்தாளில் எழுதி, மடித்து, உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். பெரும்பான்மைத் தாள்கள் சொல்வதே முடிவு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அம்மாக்கண்ணுவுக்கு எழுதத் தெரியாதாகையால், பால் கணக்குக்குச் சுவரில் கிழிப்பதுபோலத் தாளில் கரிக்கோடு கிழிக்கலாமென்று விசேஷ அனுமதி கொடுத்தேன். உன் தாயார் தாளை வாங்கும்போது, “வாணாங்க, இந்த உறையெல்லாம் ஒட்டாதீங்க, அப்பறம் நீங்கதான் பிரிக்கணும்” என்றாள். சாட்சி விசாரணையில் குறுக்கிடுகிறது என்று கண்டித்தேன்.

இரண்டே முக்கால் நிமிஷம் படம் ஓடி முடிந்தது. விளக்கை ஏற்றி, எல்லோர் முன்னிலையிலும் நானே உறைகளைப் பிரித்து உரக்கப் படித்தேன். முதலாவது முருகையன்: “ஏழு தடவை கேட்டதாகத் தெரிகிறது. பாக்கி ஐயா அவர்கள் சித்தம்.” இரண்டாவது அம்மாக்கண்ணு: ஏழு கோடு, பக்கத்தில் ஒரு சிறிய கோடு. அது என்ன என்றேன். “கடைசீல கொழந்த லேசா இருமிச்சிங்களே ஐயா, அதுக்கு அரைக்கோடு. அரைப்படிக்கு அப்பிடித்தான் போடுவேன்” என்றாள். மூன்றாவது உன் தாயார். அவள் எழுத்து உனக்குத் தெரியும், எறும்பு வரிசை; அதில் இருந்தது இவ்வளவுதான்: “ஏழு. உங்கள் தாளில் பூஜ்யம் இருக்கும்.” இதையும் நான் உரக்கப் படித்துவிட்டேன், படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று தெரிந்தது. நான்காவது உறையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். முருகையன் எழுந்து, “மழ வர மாதிரி இருக்குது, நான் பொறப்படறேன் ஐயா” என்றான். மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது. நான் அவனை உட்காரச் சொல்லி, நான்காவது உறையையும் விதிப்படி பிரித்துப் படித்தேன். அருள்சாமி: பூஜ்யம்.

ராஜாராம்தான், “சார், இந்தப் பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிடட்டுங்களா, வேற கொண்டாரட்டுங்களா” என்று மெதுவாகக் கேட்டார். வேறு கொண்டுவர வேண்டியது என் காது, அது திண்டிவனத்தில் கிடைக்காது என்றேன். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்ததாக உன் தாயார் சொல்கிறாள். பிறகு விசாரித்ததில் இவ்விஷயம் போன தவசுகாலத்து நாற்பது நாள் உபவாசத்திலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். என் கடிகாரத்தின் டிக் டிக் நின்றுவிட்டதென்று இரண்டு தடவை பழுதுபார்க்க அனுப்பினேனே, இரண்டு தடவையும் குற்றமொன்றும் இல்லையென்று திரும்பி வந்தது. முள் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை எந்தப் புத்திசாலியாவது நின்றுவிட்டதென்பானா என்று நீ கேட்பாய், கேட்காதே. சாவிக்கொத்தைக் காதருகே குலுக்கியும் பார்த்தாளாம், ஆழ்ந்து பத்திரிகை படிப்பதாகப் பாவனை செய்தேனாம். முன்னமே ஏன் சொல்லவில்லை என்றால், “சொன்னா அதுக்கும் ஒரு நம்பர் போட்டு, காரணம் காட்டச் சொல்லி எனக்கே தாள் அனுப்புவீங்க. அதான் சர்வேசுரனே உங்க காதுக்குத் தவசுகாலம் குடுத்துட்டாருன்னு உட்டுட்டேன்” என்கிறாள். தடித்த குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. மெல்லிய, கீச்சுக்குரல்தான் போய்விட்டது. வலக்காது அநேகமாக முழுவதும், இடக்காது பாதி. ஆக, உன் பதிவிலும் குற்றமில்லை, ராஜாராமின் மூன்று ஒலிபெருக்கிகளிலும் குற்றமில்லை. குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பெழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதற்குப் பின் மூன்று நாள் நான் அந்த யந்திரத்தின் பக்கம் போகவில்லை. குரல் கேட்காமல் போனதில் அவ்வளவு வருத்தமில்லை, வயதானால் பல்லும்தான் போகிறது. ஆனால் ஏழு தடவை கூப்பிட்ட பிள்ளைக்கு ஒரு தடவைகூட என்னம்மா என்று கேட்காத தாத்தாவாக உட்கார்ந்திருந்தேனே என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. எல்லாச் சாமானையும் எடுத்துப்போகும்படி ராஜாராமுக்குக் கார்டு போட்டேன். அவர் இருபதாம் தேதி வியாழன் மாலை வந்தார். கட்டுவதற்குக் கயிற்றை எடுத்தபோது உன் தாயார் தடுத்து, முதல் நாள் சோதித்து, இப்போது புரொஜெக்டர் மூடியோடு மறுபடி வந்திருக்கிறதே அந்தச் சோற்றுத்தட்டுப் பெட்டி, அதற்கு எவ்வளவு நீளம் வயர் என்று கேட்டாள். முப்பதடி என்றார். அப்படியானால் அதைத் திரையடியில் வைக்கத்தான் வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாள். நீ எழுதிய பதினோரு பக்கத்திலும், நான் எழுதிய விதிகளிலும், யாருக்கும் தோன்றாத கேள்வி இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல்களில் ஜமக்காளம் தொங்கவிட்டு, பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடக்காதைப் பெட்டியின் துணிமுகத்தில் பதித்துக்கொண்டேன். வெளிச்சத்தில் படம் மங்கலாகத்தான் விழுந்தது. எனக்கு அன்று படம் வேண்டியிருக்கவில்லை.

முதலில் உன் குரல், காதைப் பிளந்தது. பிறகு பெட்டியின் பலகை என் உள்ளங்கையில் லேசாக அதிர்ந்து நின்றது. அது ஒன்று. மறுபடி அதிர்ந்தது, இரண்டு. இப்படிக் கையால் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறாவது அதிர்வில் குழந்தை சற்றுக் கோபித்துக்கொண்டு கத்தியிருக்க வேண்டும்: தாத்தா என்று கேட்டது. வெகுதூரத்திலிருந்து வருவது போல, ஆனால் சந்தேகமில்லாமல் கேட்டது. சிறிது கட்டைக் குரல், இழுப்பு கடைசியில். நான் என்னம்மா என்று சொல்லிவிட்டேனாம். படம் முடிந்தும் நான் பெட்டியை இறக்கவில்லை என்று பார்த்து உன் தாயார், “எறக்கி உடுங்க, ரொம்ப நேரமா மடியிலேயே இருக்குது, ஈரம் பண்ணிடப் போவுது” என்றாள். ராஜாராம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்தக் கொல்லைப்புறம் போய், வெகுநேரம் கழித்தே வந்தார். உன் தாயார் ஏழு தடவையும் கேட்டதாகவே எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். கேளாததைக் கேட்டதாக எழுதும் பழக்கம் எனக்குச் சர்க்கார் உத்தியோகத்திலும் இருந்ததில்லை.

ஆகவே தேர்வு முடிவு: பெரிய மரப்பெட்டியும் ஊமத்தம்பூக் குழலும் வேண்டாம். சிறிய ஒலிபெருக்கியும், அதனோடு வந்த சிறிய ஆம்ப்ளிஃபயரும் போதும். கூடத்தில் மற்றவர்களுக்கு அது தாராளமாகக் கேட்கிறது என்பதற்கு முதல் சோதனையில் உன் தாயார் துடைத்த கண்ணே சாட்சி, எனக்கு மடியில் அடங்குவது அது ஒன்றே. பம்பாய்க் கடைகளில் இதைவிடப் பெரிதாக நீ ஏதும் பார்த்து வைத்திருந்தால் பார்த்ததோடு நிறுத்திக்கொள். இருபத்திரண்டடிக் கூடத்துக்கு உன் முதல் சிபாரிசு ஒரு கலியாணப் பந்தலுக்கு ஆகும். ஆனால் யந்திரம் தன் வேலையை எவ்வளவு செய்தாலும் ஏழில் ஒன்றுதான் தேறுகிறது, பாக்கி ஆறு என்னிடம் வரவேண்டியிருக்கிறது. பாலன் பிறந்த திருநாள் இவ்வருஷம் ஞாயிற்றுக்கிழமை விழுகிறது. நீங்கள் மூவரும் டிசம்பர் இருபத்திரண்டு வியாழனுக்குள் இங்கே இருக்கும்படி ரஜாவுக்கு இன்றே எழுதிக் கொடு, உன் வழக்கப்படி கடைசி வாரம் வரை வைத்துக்கொள்ளாதே. திண்டிவனத்தில் ரயில் இறங்கியதும் செஞ்சி பஸ்ஸில் முன்சீட்டு வேண்டாம், எஞ்சின் சூடு குழந்தைக்கு ஆகாது. வந்தவுடன் குழந்தையை என் இடப்பக்கம் உட்கார்த்த வேண்டும். வலப்பக்கம் உட்கார்த்தினால் நான் பொறுப்பல்ல. அம்மாக்கண்ணு பதிவு செய்த அந்த அரைக்கோட்டு இருமல் நின்றுவிட்டதா என்று ரோஸ்மேரி தன் கைப்பட எழுத வேண்டும். நிற்கவில்லையென்றால் துளசிச்சாறும் தேனும், காலையில் மட்டும். பிஸ்கோத்தைக் குறைக்கவும்.

38, 39 எண்ணிட்ட கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. பண்டம் பங்கிட்டது பற்றி எழுதியதை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள், அது உண்மை. தேவமாதா உங்கள் மூவரையும் பிரயாணத்தில் கைப்பிடித்து அழைத்து வருவாளாக. கூடத்து ஒழுகலை உங்கள் வருகைக்குள் அடைத்துவிடுவதாக உன் தாயாருக்கு எழுத்துமூலம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் எண் கேட்டாள், கொடுத்தேன்.

உங்கள் வரவை நோக்கி, இடக்காதைத் தெருப்பக்கம் வைத்திருக்கும் தகப்பன்,
மு. அருள்சாமி
முடித்த நேரம்: மாலை 5 மணி 35 நிமிஷம்

இணைப்புகள்:

1. நீ அனுப்பிய ஒலிபெருக்கிப் படப்புத்தகங்கள் மூன்று. பக்கங்கள் சரிபார்க்கப்பட்டன; இரண்டாவதில் ஒரு மோர்க்கறை, என்னுடையது.

2. கூடத்தின் நீளத்தைக் காட்டும் நூல் ஒன்று. கறுப்பு முடிச்சு திரை. பதினான்காவது அடியில் உள்ள சிவப்பு முடிச்சு என் பழைய நாற்காலி, இனிச் செல்லாது.

3. தாள் 1, முருகையன். ஏழு.

4. தாள் 2, அம்மாக்கண்ணு. ஏழரை.

5. தாள் 3, ராயம்மாள். ஏழும், ஒரு தீர்க்கதரிசனமும்.

6. தாள் 4, அருள்சாமி. பூஜ்யம் அடிக்கப்பட்டு ‘ஒன்று’ எனத் திருத்தப்பட்டது. சுருக்கொப்பம் இடப்பட்டது, 20-10-1949, மாலை 5 மணி 22 நிமிஷம்.